உயரப் போட்ட பந்து

என் தங்கை பல் விளக்கும்போது குழாயை மூடமாட்டாள். தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அவள் பாட்டுக்கு வாயில் நுரையோடு அறையைச் சுற்றி வந்து, ஜன்னல் வழியாகத் தெருவை வேடிக்கை பார்த்து, யாருக்கோ போனில் பதில் அனுப்பிவிட்டு, ஆற அமர வந்து வாய் கொப்பளிப்பாள். ஊர் ஊராகப் போட்டிக்குப் போய் வருஷக்கணக்காக ஒரே அறையில் தங்கியிருக்கிறோம். அதற்காக ஒரு நாள்கூட நான் அவளைக் கடிந்துகொண்டதில்லை. எழுந்து போய்க் குழாயை மூடிவிட்டு வருவேன், அவ்வளவுதான்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், மேடம், போலீஸ் விசாரணை என்று வந்து உட்கார்ந்ததும் நீங்கள் முதலில் கேட்டது, அக்கா தங்கைக்குள் ஏதாவது மனஸ்தாபம் உண்டா என்று. கிடையாது. எனக்குக் கோபம் வராது. யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள். டென்னிஸ் கோர்ட்டில் ராக்கெட்டை அடித்து உடைத்தாள் என்றோ, அம்பயரை எதிர்த்துப் பேசினாள் என்றோ என் மேல் ஒரு புகார் இருக்காது. தோற்றுவிட்டு உடை மாற்றும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறவர்கள் உண்டு. நான் சாக்ஸை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

வீட்டில் நான் பெரிசு. அவள் சின்னு. அப்பா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர், அம்மா தையல்காரி. அக்காவின் பழைய துணியைத் தங்கைக்குப் பிடித்துத் தைப்பதுதானே ஊர் வழக்கம். எங்கள் வீட்டில் அது தலைகீழ். சின்னு திடுதிப்பென்று என்னைவிட உயரமாக வளர்ந்துவிட்டாள். அவளுக்குப் பத்தாமல் போன பாவாடைகளை அம்மா இடுப்பில் பிரித்து எனக்கு விட்டுத் தைத்தாள். துணி வீணாகக் கூடாதல்லவா. நானும் போட்டுக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தன.

சிறுமிகளாக இருந்தபோது நான்தான் நன்றாக ஆடுவேன். இதை நானாகச் சொல்லவில்லை, அப்பாவே சொல்வார். அதிலும் என் சர்வ். அப்பா எதிர்க்கட்டத்தில் கைக்குட்டையை விரித்துப் போட்டு, இதன் மேல் விழ வேண்டும் என்பார். விழும். இரண்டாக மடித்துப் போடுவார். அப்போதும் விழும். பிறகு அதை எடுத்து உதறி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இந்தக் கை எங்கேருந்து வந்துச்சோ" என்பார். அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு வாக்கியத்தில்தான். நானும் அதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை.

ஜூனியர் போட்டி ஒன்றின் அரையிறுதியில் நானும் சின்னுவும் எதிரெதிராக ஆட வேண்டி வந்தது. ஆட்டத்துக்கு முன்னால் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குடிதண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றோம்.

"அகாடமில ஒரு இடம்தான் இருக்கு. இன்னிக்கு ஜெயிக்கிறவங்களுக்குத்தான்னு சொல்லிட்டாங்க" என்றார்.

"சரிப்பா."

"உனக்கு எப்படியும் ஆட்டம் வந்துரும். சின்னு அப்படி இல்ல, இப்ப விட்டா மனசு ஒடஞ்சிரும். நீ பெரியவ. விட்டுக்கொடு."

"எப்படிப்பா விட்டுக்கொடுக்கிறது?"

"சர்வ்வ வெளிய போடு. யாருக்குத் தெரியப்போவுது?"

யாருக்கும் தெரியவில்லை. மேடம், வேண்டுமென்றே தவறவிடுவதற்கு, சரியாக அடிப்பதைவிடக் கை சுத்தமாக இருக்க வேண்டும். பந்து கோட்டை உரசினாற்போல வெளியே விழ வேண்டும். அதற்கு மேல் போனால் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும். முகத்தில் ஏமாற்றத்தைக் காட்ட வேண்டும், அதையும் மிகைப்படுத்தக் கூடாது. எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். ஜெயித்த குஷியில் சின்னு ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு, "அக்கா, உன் சர்வ்வுக்கு இன்னிக்கு என்னாச்சு?" என்று கேட்டாள். உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டாள். அவள் அப்படித்தான், கள்ளம் கபடம் தெரியாது.

அவளுக்கு அகாடமி கிடைத்தது, பயிற்சியாளர் கிடைத்தார், சிங்கிள்ஸ் ஆட்டம் கிடைத்தது. எனக்கு அவளோடு டபுள்ஸ் ஆடும் வேலை கிடைத்தது. அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை.

டபுள்ஸ் ஆட்டம் எப்படி என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் விஷயமே இருக்கிறது. நான் சர்வ் போடும்போது பின்கோட்டில் நிற்பேன். சின்னு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வலைக்குப் பக்கத்தில் குனிந்து நிற்பாள். முதுகுக்குப் பின்னால் கையை வைத்து எனக்குச் சைகை காட்டுவாள். கை மூடியிருந்தால் இங்கேயே நிற்கிறேன் என்று அர்த்தம். விரித்தால் குறுக்கே பாயப் போகிறேன் என்று அர்த்தம். காட்டிவிட்டு எதிராளிகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். திரும்பவே மாட்டாள். அவள் காதை ஒட்டி என் பந்து பறந்து போகும்.

பின்னால் இருந்து இவ்வளவு வேகத்தில் ஒன்று வருகிறதே என்று வேறு யாராக இருந்தாலும் தோள் கொஞ்சமாவது சுருங்கும். சின்னுவுக்குச் சுருங்காது. நான் பந்தைத் தூக்கிப் போட்டு, ஒரு மூச்சு இழுத்தால் 'டப்'. அந்த 'டப்' எந்த நேரத்தில் வரும் என்பது அவள் உடம்புக்கே தெரியும். சத்தம் கேட்டதும் கால் தானாகக் கிளம்பிவிடும். அவள் முகத்தைவிட எனக்கு அவள் பின்கழுத்துதான் பழக்கம். அங்கே ஒரு மச்சம் இருக்கிறது. அவளுக்கே தெரியாது. கோப்பை வாங்கும்போது போட்டோவில் இருப்பது அவள் முகம். நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்த மச்சத்தை.

இந்தப் போட்டியில் காலிறுதி முடிந்த அன்று, ஆட்டக்காரர்கள் சாப்பிடும் கூடத்தில் தட்டோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். ஏணி வந்தாள். அவளையும் நீங்கள் விசாரித்திருப்பீர்கள். அந்த உயரத்துக்கு எல்லோரும் அவளை ஏணி என்றுதான் கூப்பிடுவோம், அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள். நல்ல பெண். தட்டைக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்களுக்கு எவ்வளோ பெரிய மனசு" என்றாள்.

"எதுக்கு?"

"இதோட நிறுத்திக்கிறீங்களாமே. அடுத்த சீசன்லேருந்து என்னைய சின்னுகூட ஆடச் சொன்னதே நீங்கதானாமே. வேற யாரா இருந்தாலும் வயித்தெரிச்சல்ல இருப்பாங்கக்கா."

நான் சிரித்தேன். அவளுக்கு முன்னால் இருந்த பாத்திரத்திலிருந்து கரண்டியை எடுத்து அவளுக்கும் பரிமாறினேன்.

பயிற்சிக் கோர்ட்டில் அப்பா குனிந்து குனிந்து பந்துகளைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். கேட்டேன். நிமிராமலே பேசினார்.

"சொல்லணும்னுதான் இருந்தோம். சின்னு சிங்கிள்ஸும் ஆடி, உன்னையும் இழுத்துக்கிட்டுப் போவ முடியல பெரிசு. நீயே யோசிச்சுப் பாரு."

அம்மாவுக்குப் போன் செய்தேன். தையல் மிஷின் சத்தம் நிற்கவில்லை. "நீ பெரியவ, உனக்கு எடுத்துச் சொல்லணுமா? நீயும் உன் வாழ்க்கையப் பாக்க வேணாமா?" என்றாள். பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன்.

என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நான் ஆட்டத்தை விடப்போகிறேன் என்பது உணவுக்கூடம் வரைக்கும் தெரிந்திருக்கிறது. அதை நான் எவ்வளவு பெருந்தன்மையாகச் செய்தேன் என்பதுகூட முடிவாகியிருக்கிறது. என் பெயரில் ஒரு மனசைத் தயார் செய்து, அதை எல்லோருக்கும் காட்டிவிட்டு, கடைசியில் என்னிடம் கொடுக்க நினைத்திருக்கிறார்கள். அதையும் அவளுக்குப் பத்தாமல் போன பாவாடை மாதிரி நான் போட்டுக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

கோபம் என்று எழுதாதீர்கள். எனக்கு உள்ளங்கை மட்டும் கொஞ்சம் குளிர்ந்தது.

அறைக்குப் போனேன். சின்னு பல் விளக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏணி சொல்லிட்டாளா? லூசு. ஃபைனல் முடிஞ்சதும் நானே சொல்றதா இருந்தேன்க்கா. நடுவுல சொன்னா உன் ஆட்டம் கெட்டுரும்ல."

"என் ஆட்டத்துக்கு என்ன?"

"கோச்சுக்க மாட்டியே?"

"நான் என்னிக்குக் கோச்சுக்கிட்டிருக்கேன்?"

நுரையைத் துப்பிவிட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "உன் சர்வ் முன்ன மாதிரி இல்லக்கா. ஏணி போட்டா சுளீர்னு வருது. நெட்ல நிக்கிறவளுக்கு அதான வேணும். மத்தபடி உன்னைய மாதிரி யாரும் வர மாட்டாங்க, அது வேற." சொல்லிவிட்டுத் துண்டால் என் தலையில் செல்லமாக ஒரு தட்டு தட்டி வெளியே போனாள்.

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. மூடினேன்.

அரையிறுதியில் ஒரு பந்தைத் தூக்கிப் போட்டபோது வெயில் கண்ணில் குத்தியது. அடிக்காமல் விட்டுவிட்டேன். அது ஆட்டத்தில் சகஜம். ஆனால் 'டப்' வர வேண்டிய நேரத்தில் வரவில்லை அல்லவா, சின்னு இடது தோளுக்கு மேலாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். புருவத்தைத் தூக்கி, "என்னக்கா?" என்றாள். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினேன். திரும்பிக்கொண்டாள். அந்த ஆட்டத்தை ஜெயித்தோம். வாழ்க்கையில் முதல் தடவையாக இவ்வளவு பெரிய போட்டியின் ஃபைனல். அப்பா அழுதார்.

அன்று சாயங்காலமே பயிற்சிக்குப் போனேன். வலைக்கு இந்தப் பக்கம், சின்னு வழக்கமாக நிற்கும் இடத்தில் பந்துக்கூடையை நிறுத்தி, அதன் மேல் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்தேன். அவள் குனிந்து நின்றால் எவ்வளவு உயரமோ அவ்வளவு. பிறகு பந்தை ரொம்ப உயரத்துக்குத் தூக்கிப் போட்டு அடித்துப் பார்த்தேன். டாஸின் உயரம் கூடினால் பந்து இறங்கும்போது வேகம் கூடும். அடிப்பது கஷ்டம். பெரிய ஆட்டக்காரர்களே செய்யமாட்டார்கள். முதலில் கூடையில் பட்டது. பிறகு பாட்டிலில் பட்டது. அப்புறம் பாட்டில் அசையாமல் மூடியை மட்டும் தட்டிவிட முடிகிறதா என்று பார்த்தேன். முடிந்தது.

மூடியைத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது அப்பா வந்தார்.

"டாஸ் என்ன வானத்துக்குப் போவுது?"

"காத்தடிச்சா சமாளிக்கணும்ல."

"பாட்டில ஏன் இங்க வெச்சிருக்க? இது நம்ம பக்கமாச்சே."

"அது மேல படாமப் போடப் பழகறேன்ப்பா."

அவருக்குத் திருப்தி. "நல்லது நல்லது" என்று சொல்லிவிட்டு நடந்தார். சின்னுவுக்குக் கொண்டு போகிற பழச்சாறு கையில் இருந்தது.

ஃபைனலில் ஆளுக்கொரு செட். மூன்றாவது செட்டில் நாங்கள் முன்னால் இருந்தோம். முதல் செட்டிலேயே நான் செய்திருக்கலாம். செய்யவில்லை. நான் நியாயமாக நடந்துகொண்டேன் என்பதற்காக இதைச் சொல்கிறேன். அவளுக்கு நேரம் கொடுத்தேன். அவள் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் போதும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். கடைசியாகப் பக்கம் மாறும்போது நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டே என் தொடையில் கை வைத்தாள்.

"அடுத்தது உன் சர்வ். இந்த கேமைப் புடிச்சா கப் நமக்குத்தான்க்கா. டென்ஷனாகாத. சும்மா உள்ள போட்டாப் போதும். மெதுவாவே போடு, மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

உள்ளே போட்டால் போதும்.

அந்த கேமில் நான் போட்ட சர்வ்களை நீங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள். எதிராளிகள் ராக்கெட்டை நீட்டுவதற்குள் பந்து பின்சுவரில் போய் மோதியது. ஒன்றுகூட மெதுவாக இல்லை. சின்னு திரும்பாமலே முதுகுக்குப் பின்னால் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். கூட்டம் கை தட்டியது. இன்னும் ஒரு பாயின்ட் எடுத்தால் சாம்பியன் என்று வந்து நின்றது. அம்பயர் அமைதி கேட்டார். ஒரு சத்தம் இல்லை.

அவள் கையை மூடிக் காட்டினாள். இங்கேயே நிற்கிறேன் என்று அர்த்தம்.

பந்தை உயரப் போட்டேன்.

வர வேண்டிய நேரத்தில் சத்தம் வரவில்லை. அவள் தோள் லேசாக அசைந்தது. காத்திருந்தாள். பிறகு இடது தோளுக்கு மேலாகத் திரும்பினாள். அப்போதுதான் 'டப்' என்றது.

அம்பயர் "ஃபால்ட்" என்றார். பாவம், வாய்ப்பழக்கம். விதியும் அதுதான், சர்வ் சொந்த ஜோடி மேல் பட்டால் ஃபால்ட். சொன்ன பிறகுதான் அவர் கீழே பார்த்துவிட்டுப் பதறி நாற்காலியிலிருந்து இறங்கினார். அவருக்கு முன்னால் நான் போய்விட்டேன். அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். ஐஸ் கொண்டு வரச் சொன்னேன், கையை எடுக்காதே, தேய்க்காதே என்று சொன்னேன். அவள் என் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படம்தான் எல்லாப் பேப்பரிலும் வந்தது. படத்தில் என் கண்ணில் தண்ணீர் இருக்கிறது. அது பொய் இல்லை. வலிக்கிறது என்று அவள் சொன்னபோது எனக்கும் வலித்தது. அவள் என் தங்கை.

அடிபட்ட கண்ணில் இனிப் பார்வை வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்னொரு கண் இருக்கிறது, வாழ்க்கைக்கு அது போதும், டென்னிஸுக்குப் போதாது. வரும் பந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதே தெரியாதாம். ஏணி ஆஸ்பத்திரிக்கு வந்து என் தோளில் சாய்ந்து அழுதாள். "உங்களையே நொந்துக்காதீங்கக்கா" என்றாள். அம்மா வந்து சின்னுவுக்கு ஊட்டிவிட ஆரம்பித்தாள். அப்பா என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கை வழுக்கிருச்சா பெரிசு?" அவரே பதிலையும் சொல்லிக்கொண்டார். "வழுக்கியிருக்கும்."

ஆஸ்பத்திரிக் கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. பழைய ஆட்டக்காரர் ஒருவர் உட்கார்ந்து அந்த சர்வ்வை மெதுவாக ஓடவிட்டு விளக்கிக்கொண்டிருந்தார். பதற்றத்தில் டாஸ் எகிறிவிட்டதாம். வயதாகிவிட்டதால் கை சொன்னபடி கேட்கவில்லையாம். இந்த நிலையில் இவரை ஃபைனலில் சர்வ் போட விட்டதே தப்பாம். சுற்றி இருந்த நோயாளிகளும் கூட வந்தவர்களும் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். ஒரு அம்மாள் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவள் கையை எடுத்து அவள் மடியிலேயே வைத்தேன்.

இருந்தாலும் நான் வாயைத் திறப்பதாக இல்லை. ஊரார் பேச்சு எனக்கு ஒரு பொருட்டில்லை. இன்றைக்கு நீங்கள் வந்தீர்கள். இது விபத்துதான், பேச்சுக்கு ஒரு வாக்குமூலம் வாங்கினால் முடிந்துவிடும், பயப்படாதீர்கள் என்றீர்கள். என்னைத் தேற்றுவதற்காகத்தான், சின்னு சொன்னதை வாசித்துக் காட்டினீர்கள். நல்லெண்ணத்தில்தான் செய்தீர்கள், எனக்குத் தெரியும்.

"அக்கா சர்வ் கொஞ்ச நாளாவே தாறுமாறாத்தான் போவுது. அன்னிக்கும் அப்படித்தான் கை நழுவிருச்சு. நான்தான் மடத்தனமா திரும்பிட்டேன். அக்காவ ஒண்ணும் கேக்காதீங்க, அது ஏற்கெனவே நொந்து போயிருக்கு."

மேடம், அவள் என்னைப் பார்த்தாள். பந்து மேலே போய் இறங்குவதற்குள் எனக்கு நேரம் இருந்தது. உயரப் போட்டதே அந்த நேரத்துக்காகத்தான். நான் பந்தைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பியவள் என் கண்ணைப் பார்த்தாள். என்னக்கா என்று கேட்க வந்த வாய் பாதியில் நின்றது. அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் முகத்தைக் கோர்ட்டில் நான் அவ்வளவு நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகுதான் அண்ணாந்து பந்தைப் பார்த்து அடித்தேன்.

எல்லாம் தெரிந்துகொண்டு உங்களிடம் அப்படிச் சொல்லியிருக்கிறாள். கட்டுப்போட்ட கண்ணோடு படுத்துக்கொண்டு, எனக்கு விட்டுக்கொடுக்கிறாளாம். எங்கள் வீட்டில் விட்டுக்கொடுப்பது ஒன்றுதான் என்னுடையதாக இருந்தது. அதையும் அவள் எடுத்துக்கொண்டாள். நாளைக்கு ஊரே அவளுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று பேசும். நானோ, கை நடுங்கிப் போய்த் தங்கையின் கண்ணைக் கெடுத்த கிழவியாகக் காலம் தள்ள வேண்டும். என்னைக் காப்பாற்றுவதற்கு அவளுக்கு வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா? காற்று என்று சொல்லியிருக்கலாம். வெயில் என்று சொல்லியிருக்கலாம். அவள் தேடி எடுத்தது என் சர்வ்வை.

நான் கோபத்தில் பேசவில்லை. கை பாருங்கள், நடுங்குகிறதா? ஜெயிலுக்குப் போவது பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. அப்பா அம்மாவுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள். சின்னுவிடம் சொல்ல வேண்டியதில்லை, அவளுக்குத் தெரியும். எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். தாறுமாறு, நழுவியது என்று நீங்கள் எழுதி வைத்திருப்பதையெல்லாம் என் கண் முன்னால் அடித்துவிடுங்கள். அடித்துவிட்டு, நான் சொல்வதை அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

நான் குறிவைத்தது இடது கண். பட்டதும் இடது கண்.